படகின் தளத்தில் ஒரு சிறு துளை

பாய்மரப் படகின் படம் ஒன்றை வரையச் சொன்னால் நீங்கள் என்ன வரைவீர்கள்? வளைந்த ஓர் உடல். நடுவே நெட்டுக்குத்தாக ஒரு மரம். அதில் முக்கோணமாக ஒரு பாய். அவ்வளவுதான், படம் முடிந்துவிட்டது! ஆனால் உண்மையான படகு ஒன்றின் மேல்தளத்தில் ஏறி நின்றால், உங்கள் படத்தில் இல்லாத பல பொருள்கள் காலில் இடறும். கயிற்றின் திசையைத் திருப்பும் கப்பிகள், கயிற்றை இழுத்துச் சுற்றும் வின்ச்சுகள், கயிற்றைக் கட்டி நிறுத்தும் கொம்பு போன்ற கிளீட்டுகள், பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகள் வந்து மாட்டும் உலோகப் பட்டைகள். இவை எல்லாம் தளத்தைத் துளைத்து, போல்ட் போட்டு இறுக்கப்பட்டவை.

இந்தச் சிறு கருவிகளைப் பற்றி ஒரு முழுக் கட்டுரையா என்று கேட்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

2024 அக்டோபர் 2ஆம் நாள், இந்தியக் கடற்படையின் பாய்மரப் படகு 'தாரிணி' கோவாவிலிருந்து உலகைச் சுற்றிவரப் புறப்பட்டது. படகில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கேரளத்தைச் சேர்ந்த தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. இருவரும் கடற்படை அதிகாரிகள். ஏறத்தாழ எட்டு மாதங்கள் கழித்து, 2025 மே 29ஆம் நாள் அவர்கள் கோவா திரும்பினார்கள். வழியில் பசிபிக் பெருங்கடலில் 'நெமோ முனை' என்ற இடத்தையும் கடந்தார்கள். அங்கிருந்து மிக அருகில் இருக்கும் நிலமே 2,688 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது! அத்தகைய இடத்தில் ஒரு போல்ட் பிய்த்துக்கொண்டு வந்தால், பட்டறையைத் தேடி எங்கே போவது? அதனால்தான் அவர்கள் தங்கிய ஒவ்வொரு துறைமுகத்திலும் பழுது பார்க்கும் வேலைக்கு நாட்கள் ஒதுக்கப்பட்டன.

காற்றின் விசை எங்கே போகிறது?

பாயின் மீது காற்று மோதுகிறது, படகு நகர்கிறது. நடுவில் என்ன நடக்கிறது? பாயின் மீது விழும் விசை முழுவதும் கயிறுகள் வழியாகவும் கம்பிகள் வழியாகவும் தளத்தில் பொருத்திய கருவிகளுக்கு வந்து சேர்கிறது. பிறகுதான் அது படகின் உடலுக்குப் போகிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, தன்னை எதிர்த்து நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பையும் சுமார் 6 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் தள்ளும். பாயின் பரப்பு 30 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மொத்த விசை சுமார் 180 கிலோ. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால்? 360 கிலோ என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்! காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. எனவே வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். அதாவது 720 கிலோ. காற்று வலுக்கும்போது மாலுமிகள் விரைந்து பாயின் பரப்பைச் சுருக்குவது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

இவ்வளவு விசையை எதிர்த்து ஒரு மனிதர் கயிற்றை எப்படி இழுக்கிறார்? அதற்குத்தான் வின்ச். இது ஓர் உருளை. இதன் மேல் கயிற்றை மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, கைப்பிடியால் சுழற்றுவார்கள். கைப்பிடியின் நீளம் 25 செ.மீ., உருளையின் ஆரம் 4 செ.மீ. என்றால், இதிலேயே நம் விசை 6 மடங்குக்குச் சற்று மேல் பெருகிவிடும். உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள் அதை மேலும் 4 மடங்காக்கினால், மொத்தம் 25 மடங்கு. கையால் 15 கிலோ விசை கொடுத்தால் கயிற்றில் 375 கிலோ. உராய்வில் கால் பங்கு வீணானாலும் சுமார் 280 கிலோ மிஞ்சும்.

வின்ச்சுக்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. உருளை பின்னோக்கிச் சுழலாமல் தடுக்க, சிறு உலோக நாக்குகள் வில்லின் உந்துதலால் பற்களில் போய் விழுந்துகொண்டே இருக்கும். வின்ச்சைச் சுழற்றும்போது கேட்கும் 'கட கட' ஒலி இவற்றுடையதுதான். வின்ச்சைப் பிரித்துத் துடைக்கும்போது பற்சக்கரங்களுக்குக் கிரீஸ் தடவுவார்கள். ஆனால் இந்த நாக்குகளுக்கு மட்டும் கிரீஸ் கூடாது. சில துளி மெல்லிய எண்ணெய்தான். ஏன்? கிரீஸ் கெட்டியாகிப் போனால் நாக்கு ஒட்டிக்கொண்டு, பல்லில் விழாமல் நின்றுவிடும். அப்போது 280 கிலோ இழுவையும் ஒரே நொடியில் உருளையைப் பின்னோக்கிச் சுழற்றும். கைப்பிடி பம்பரமாகச் சுழன்று, பிடித்திருப்பவரின் கையை முறித்துவிடலாம்.

மெல்லிய தோலும் மென்மையான நெஞ்சும்

கருவி வலுவாக இருந்தால் போதுமா? அது நிற்கும் தளமும் வலுவாக இருக்க வேண்டும். நம் கடற்கரைகளில் இன்று ஏராளமாகக் காணப்படும் 'ஃபைபர்' படகுகளைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி இழைத் துணியைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தவை அவை. இன்றைய பாய்மரப் படகுகள் பலவும் இந்தப் பொருளால் ஆனவைதாம். ஆனால் அவற்றின் மேல்தளத்தில் ஓர் உத்தி கையாளப்படுகிறது. மேலும் கீழும் கண்ணாடி இழையால் ஆன இரண்டு மெல்லிய தகடுகள். நடுவே பால்சா போன்ற மிக இலேசான மரம். ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே காய்கறி வைத்தது போன்ற அமைப்பு!

இதனால் என்ன பயன்? 6 மி.மீ. தடிப்புள்ள ஒரே தகட்டை எடுத்துக்கொள்வோம். அதையே 3 மி.மீ. தகடுகள் இரண்டாகப் பிரித்து, நடுவே 12 மி.மீ. மரத்தை வைத்து ஒட்டினால், வளைவதை எதிர்க்கும் ஆற்றல் ஏறத்தாழ 19 மடங்காகிறது. எடையோ சிறிதளவுதான் கூடுகிறது; ஏனெனில் ஒரு கன மீட்டர் பால்சா மரத்தின் எடை சுமார் 150 கிலோதான். அதே அளவு தண்ணீர் 1000 கிலோ. அட்டைப்பெட்டியின் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். இரண்டு தாள்களுக்கு நடுவே நெளிநெளியாக இன்னொரு தாள் தெரியும். இரண்டும் ஒரே தத்துவம்தான்.

எல்லாம் சரி. இப்போது இந்தத் தளத்தில் ஒரு கிளீட்டைப் பொருத்துவதற்காக நான்கு துளைகள் போடுகிறோம். வெளியே தெரிவது கண்ணாடி இழை. அது நீரில் அழுகாது. ஆனால் துளையின் உட்சுவரில் தெரிவது என்ன? மரம்! தண்ணீரைத் தடுத்து நின்ற தோலை நாமே கிழித்துவிட்டோம்.

தண்ணீர் புகாதிருக்க, கிளீட்டுக்கு அடியில் அடைப்புப் பசை தடவித்தான் இறுக்குகிறார்கள். ஆனால் ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டால் பசை விறைத்துப் போகிறது. கயிறு ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் கிளீட் மயிரிழை அளவு அசைகிறது. பசை விரிசல் விடுகிறது. அந்த மயிரிழை இடைவெளியில், விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவது போல, தண்ணீர் ஊறி இறங்குகிறது. நனைந்த மரத்தில் பூஞ்சைகள் குடியேறுகின்றன. பூஞ்சை வளர மரம், காற்று, ஈரம் மூன்றும் வேண்டும். முதல் இரண்டும் அங்கே முன்பே இருந்தன. மூன்றாவதை நம் துளை கொண்டுவந்து கொடுத்துவிட்டது! நாளடைவில் நடுமரம் கூழாகிறது. மேல்தகடும் கீழ்த்தகடும் ஒன்றோடொன்று தொடர்பற்றுப் போகின்றன. 19 மடங்கு உறுதி காணாமற்போகிறது. வெளியிலிருந்து பார்த்தாலோ தளம் பளபளவென்றே இருக்கும்.

தட்டினால் தெரியும்

கண்ணுக்குத் தெரியாததைக் காதால் கண்டுபிடிக்கலாம். பானை வாங்கும்போது அம்மா விரலால் சுண்டிப் பார்ப்பதையும், தரையில் பதித்த ஓட்டைக் கொத்தனார் தட்டிப் பார்ப்பதையும் கவனித்திருக்கிறீர்களா? படகு பழுது பார்ப்பவரும் அதைத்தான் செய்கிறார். சிறு சுத்தியலால் தளத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இடத்தில் 'டக், டக்' என்று கூர்மையான ஒலி. அழுகிய இடத்தில் 'தொப், தொப்' என்று மந்தமான ஒலி. ஒலி மாறும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்தால், தளத்துக்குள் மறைந்திருக்கும் அழுகலின் வரைபடமே கிடைத்துவிடும். பெரும்பாலும் அந்த வட்டங்களின் நடுவில் ஏதோ ஒரு போல்ட் நிற்கும்!

துளையை அடைத்து மீண்டும் துளைப்பது

அழுகல் பரவுமுன் கவனித்துவிட்டால் வைத்தியம் எளிது. முறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் கிளீட்டைக் கழற்றி, பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். பழைய பசையின் மேல் புதுப்பசை ஒட்டாது.

இரண்டாவதாக, 8 மி.மீ. துளையை 14 அல்லது 16 மி.மீ. அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். ஈரமிருந்தால் நன்றாக உலர விட வேண்டும். பிறகு கீழ்ப்பக்கத்தை அடைத்துவிட்டு, துளை முழுவதையும் எப்பாக்சி என்னும் பிசினால் நிரப்ப வேண்டும். எப்பாக்சி இரண்டு நீர்மங்களாக வரும். இரண்டையும் கலந்தால் வேதிவினை நடந்து கல் போல இறுகும். இந்த வினையில் வெப்பம் வெளிப்படுகிறது. ஒரே குவளையில் நிறையக் கலந்து வைத்தால் புகை வரும் அளவுக்குச் சூடேறிவிடும். ஆகவே சிறிது சிறிதாகக் கலப்பார்கள். தோலில் படாமல் கையுறை அணிவார்கள்.

மூன்றாவதாக, இறுகிய எப்பாக்சியின் நடுவில் மீண்டும் 8 மி.மீ. துளை போட வேண்டும். 'அடைத்த துளையை ஏன் மறுபடி துளைக்க வேண்டும்?' என்று கேட்பீர்கள். இப்போது போல்ட்டைச் சுற்றி இருப்பது மரமல்ல, எப்பாக்சியால் ஆன ஒரு குழாய். இனிப் பசை விரிசல் விட்டுத் தண்ணீர் இறங்கினாலும் அது மரத்தைத் தொட முடியாது. இன்னொரு நன்மையும் உண்டு. போல்ட்டை இறுக்கும்போது மென்மையான பால்சா நசுங்கும், எப்பாக்சி நசுங்காது.

நான்காவதாக, துளையின் மேல்விளிம்பை ஒரு கிண்ணம் போலச் சற்றே சரித்துச் செதுக்க வேண்டும். இறுக்கும்போது பசை முழுவதும் பிதுங்கி வெளியேறிவிடாமல், இந்தக் கிண்ணத்தில் ஒரு வளையமாகத் தங்கும். அந்த வளையம்தான் உண்மையான காவலாளி.

கடைசியாக இறுக்கும் வேலை. இதற்கு இருவர் வேண்டும். மேலே ஒருவர் போல்ட்டின் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள, கீழே இருப்பவர் நட்டைத் திருக வேண்டும். போல்ட்டைத் திருகினால், அதைச் சுற்றி அமர்ந்த பசை பிய்ந்துவிடும்.

கீழே நட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். 8 மி.மீ. போல்ட்டுக்குரிய வாஷர் தளத்தைத் தொடும் பரப்பு சுமார் ஒன்றரைச் சதுர செ.மீ. நான்கு வாஷருக்கும் சேர்த்து 6 சதுர செ.மீ. 600 கிலோ விசை மேலே இழுத்தால், ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 100 கிலோ! வாஷருக்கு மேலே 10 செ.மீ. அகலமும் 15 செ.மீ. நீளமும் உள்ள தடித்த தகடு ஒன்றைக் கொடுத்தால் பரப்பு 150 சதுர செ.மீ. ஆகிறது, அழுத்தம் 4 கிலோவாகக் குறைகிறது. மணலில் குதிகால் செருப்பு புதைவதும், பலகை புதையாமல் இருப்பதும் இதே காரணத்தால்தான்.

எவர்சில்வருக்கும் மூச்சு வேண்டும்

'துளை சரியாகிவிட்டது, போல்ட்தான் எவர்சில்வர் ஆயிற்றே, துருப்பிடிக்காதே!' என்று நினைக்கிறீர்களா? இங்கேதான் கடல் நம்மை ஏமாற்றுகிறது.

எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள குரோமியம். அது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் கூடி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலமாக உலோகத்தைப் போர்த்துகிறது. கீறல் விழுந்தாலும் படலம் மீண்டும் உடனே உண்டாகும். ஆனால் அதற்கு ஆக்சிஜன் வேண்டுமே! தளத்துக்குள் புதைந்த பகுதியில் உப்புநீர் தேங்கி நின்றால், அங்குள்ள ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடும். படலம் சிதையும், உப்பிலுள்ள குளோரைடு அந்த இடத்தைக் குடையத் தொடங்கும். மேலே தெரியும் தலை பளபளக்கும். நடுவிலோ போல்ட் எலி கடித்தது போல் மெலிந்திருக்கும்.

இதில் மிக ஆபத்தானவை, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் மாட்டும் உலோகப் பட்டைகள். இவற்றைச் செயின்பிளேட் என்பார்கள். பல படகுகளில் இவை தளத்தைத் துளைத்து உள்ளே இறங்குகின்றன. துளைக்குள் மறைந்த பகுதியில் ஒரு பட்டை அறுந்தால், கம்பி விடுபடும், பாய்மரமே சாய்ந்துவிடும். ஆகவே பட்டையின் அடியில் பழுப்பு நிறக் கறை வழிவதைக் கண்டால், அனுபவமுள்ள மாலுமி துடைத்துவிட்டுப் போகமாட்டார். கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் கடலில் இறங்குவார்.

பழுப்புத் தாள் சொன்ன செய்தி

இன்னோர் எதிரியும் உண்டு. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி உப்புநீரில் நனைந்தால், அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. ஓர் உலோகம் எலக்ட்ரான்களை இழந்து கரைகிறது; மற்றது தப்பித்துக்கொள்கிறது. துத்தநாகம், அலுமினியம், இரும்பு, செம்பு, எவர்சில்வர் என்று கடல்நீரில் ஒரு வரிசை உண்டு. வரிசையில் முன்னே இருப்பது கரைந்து, பின்னே இருப்பதைக் காக்கும்.

பிரிட்டிஷ் கடற்படை இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. மரத்தைத் துளைக்கும் கடற்புழுக்களிடமிருந்து காப்பதற்காக, 1761இல் 'அலாரம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதியைச் செப்புத் தகடுகளால் மூடினார்கள். 1763இல் சோதித்தபோது செம்பு நன்றாகவே இருந்தது. ஆனால் இரும்பு ஆணிகள் பல அரித்துப் போயிருந்தன. விந்தை என்னவென்றால், சில ஆணிகள் மட்டும் கெடாமல் இருந்தன. செப்புத் தகடுகளைச் சுற்றிவந்த பழுப்புத் தாள் அந்த ஆணிகளுக்கும் செம்புக்கும் நடுவே சிக்கிக்கொண்டிருந்தது! தொடுதல் இல்லை, ஆகவே மின்னோட்டமும் இல்லை.

இன்றைய படகிலும் அந்தப் பாடம் பயன்படுகிறது. அலுமினியப் பாய்மரத்தில் எவர்சில்வர் திருகாணியை நேராகத் திருகினால், அலுமினியம் வெண்பொடியாக உதிரும். ஆகவே நடுவில் நைலான் வாஷரையோ காப்புப் பசையையோ இடுகிறார்கள். நங்கூரத்தின் இரும்புச் சங்கிலிக்குத் துத்தநாகப் பூச்சு கொடுப்பதும் இதே வரிசையை வைத்துத்தான். இங்கே துத்தநாகம் கரைந்து இரும்பைக் காக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

பூச்சில்லாத இரும்பு ஆணிகள் நான்கை உப்புத்தாளால் நன்கு தேயுங்கள். நான்கு கண்ணாடிக் குவளைகளில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். இது ஏறத்தாழக் கடல்நீரின் உப்புக்குச் சமம்.

முதல் குவளையில் ஆணியை மட்டும் போடுங்கள். இரண்டாவதில், மேலுறை நீக்கிய செப்புக் கம்பியை இறுகச் சுற்றிய ஆணி. மூன்றாவதில், பிளாஸ்டிக் மேலுறையோடு கூடிய செப்புக் கம்பியைச் சுற்றிய ஆணி. கம்பியின் முனைகள் ஆணியைத் தொடக்கூடாது. நான்காவதில், பள்ளி ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும் துத்தநாகத் துண்டை நூலால் சேர்த்துக் கட்டிய ஆணி. இரண்டும் நன்றாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

நான்கு நாட்கள், நாள்தோறும் ஒரே நேரத்தில் பார்த்துக் குறித்துவாருங்கள். எந்த ஆணி அதிகம் துருப்பிடித்தது? இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு என்ன? நான்காவதில் துருப்பிடிக்க வேண்டியது எது, உண்மையில் கெட்டது எது? 'அலாரம்' கப்பலின் பழுப்புத் தாள் உங்கள் மேசையில் எந்தக் குவளையில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்.

பிறகு உங்கள் வீட்டையும் பள்ளியையும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். தண்ணீர்க் குழாயில் பித்தளையும் இரும்பும் சேரும் இடம், சன்னல் கம்பியில் போட்ட திருகாணி, மழை ஒழுகும் கூரைத்தகட்டின் போல்ட் ஆகியவற்றைப் பாருங்கள். துரு தொடங்குவது பரந்த தகட்டின் நடுவிலா, துளையின் ஓரத்திலா? கண்டதைப் படமாக வரைந்து வகுப்பில் காட்டி, காரணத்தை நண்பர்களோடு விவாதியுங்கள்.